ஞாயிற்றுக்கிழமை கிளம்பிய படகு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு வசதியாகச் சில இடங்களில் திருத்தப்பட்டது.)

இன்னிக்கு நேரா கதைக்குள்ள போயிடலாம்.

1944 பிப்ரவரி 20, ஞாயிற்றுக்கிழமை. நார்வே நாட்டில் டின்ஷோ என்று ஒரு ஏரி. ரயில் பெட்டிகளைத் தண்டவாளத்தோடு அப்படியே ஏற்றிக்கொண்டு போகிற ஒரு படகு. பேர் ‘ஹைட்ரோ’. உள்ளே 47 பேர் இருந்தார்கள். காலை சுமார் 10.45 மணிக்கு, ஏரியின் ஆழமான பகுதியில் போய்க்கொண்டிருந்தபோது, அடித்தளத்தில் குண்டு வெடித்தது. சில நிமிஷத்தில் படகு மூழ்கிவிட்டது. 18 பேர் இறந்தார்கள். 4 பேர் ஜெர்மானியர்கள். மீதி 14 பேர் நார்வேக்காரர்கள், படகில் வேலை பார்த்தவர்களும் சாதாரணப் பயணிகளும்.

நார்வே அப்போ ஹிட்லரோட பிடியில இருக்கு. அதனால குண்டு வெச்சது ஜெர்மன்காரங்கன்னு நினைப்போம். இல்ல. வெச்சதும் நார்வேக்காரங்கதான். சொந்த ஊர் ஜனங்க அந்தப் படகுல போவாங்கன்னு தெரிஞ்சேதான் வெச்சாங்க.

இது சரியா, தப்பா? இதுதான் இன்னிக்கு எபிசோட்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நாஜிகளை எதிர்த்துச் சண்டை போட்டிருக்கணுமான்னு நான் கேட்கல. போட்டிருக்கணும், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. எனக்கு அதுக்கு அடுத்த கேள்விதான் முக்கியம். ஒரு சண்டை நியாயமானதுன்னு ஒத்துக்கிட்ட பிறகு, அந்தச் சண்டைக்குள்ள செய்யற எல்லாமே நியாயமாகிடுமா? இந்தக் கேள்விக்கு இந்த ஊரை நான் எடுத்ததுக்குக் காரணம் இருக்கு. ஒரே இலக்கை மூணு தடவை, மூணு விதமாத் தாக்கியிருக்காங்க. பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம்.

உர ஆலையில் என்ன இருந்தது

தெற்கு நார்வேயில் ரியூக்கான் என்று ஒரு சின்ன ஊர். ஆழமான பள்ளத்தாக்குக்குள் இருப்பதால் குளிர்காலத்தில் பல மாதம் நேரடி வெயிலே படாது. அதன் பக்கத்தில், பாறைத் திட்டு ஒன்றின் மேல் வெமோர்க் நீர்மின் நிலையம். 1911-இல் திறந்தபோது உலகத்திலேயே பெரிய நீர்மின் நிலையங்களில் ஒன்று. நோர்ஸ்க் ஹைட்ரோ கம்பெனி அந்த மின்சாரத்தை வைத்து உரம் தயாரித்தது. தண்ணீரை மின்னாற்பகுப்பு செய்து ஹைட்ரஜன் எடுப்பார்கள், ஹைட்ரஜனிலிருந்து அம்மோனியா, அம்மோனியாவிலிருந்து உரம்.

இப்படிச் செய்யும்போது பக்கவிளைபொருளாக ஒன்று கிடைத்தது: கனநீர். சாதாரணத் தண்ணீர் மாதிரியேதான் இருக்கும், ஆனால் அதில் இருக்கிற ஹைட்ரஜன் கொஞ்சம் கனமான வகை. நம்ம தூத்துக்குடியில ஸ்பிக் உர ஆலையை ஒட்டிக் கனநீர் ஆலை வந்ததுக்கும் இதே தொடர்புதான் காரணம். அம்மோனியா தயாரிக்கிற இடத்தில் கனநீரையும் பிரிச்சு எடுக்க வழி இருக்கு.

அணு உலைக்குள் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்க ஒரு பொருள் வேண்டும். அமெரிக்கா கிராஃபைட்டைப் பயன்படுத்தியது. ஜெர்மனியில் எடுத்த அளவீடுகள் கிராஃபைட் சரிப்படாது என்று காட்டின, அது தவறான முடிவு. அதனால் ஜெர்மன் விஞ்ஞானிகள் கனநீரை நம்பினார்கள். ஐரோப்பாவில் அதைப் பெரிய அளவில் தயாரித்த ஒரே இடம் வெமோர்க். 1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்ததும் ஆலை அவர்கள் கைக்குப் போனது. உற்பத்தியைக் கூட்டச் சொன்னார்கள்.

லண்டன்ல உட்கார்ந்து இந்தத் தகவலைப் படிக்கிறவங்க மனநிலையை யோசிச்சுப் பாருங்க. உலகத்தோட சிறந்த இயற்பியலாளர்கள் சிலர் ஜெர்மனில இருக்காங்க, ஹைசன்பர்க் உட்பட. இப்போ அவங்க கனநீர் கேட்கறாங்க. ஹிட்லர் கையில அணுகுண்டு கிடைச்சா என்ன ஆகும்? அந்தப் பயம் பொய்யான பயம் இல்ல. இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

முதல் வழி: ஆட்களே உள்ளே போவது

இந்த ஆலையைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருவர் லண்டனில் இருந்தார், லெய்ஃப் ட்ரான்ஸ்டட். வேதியியல் பேராசிரியர். அந்தக் கனநீர் ஆலையை வடிவமைத்தவர்களில் ஒருவர். 1941-இல் தப்பி பிரிட்டனுக்குப் போயிருந்தார். தான் கட்டியதைத் தானே உடைக்கத் திட்டம் போட்டுக் கொடுத்தார்.

விமானத்திலிருந்து குண்டு போடுவதை அவர் எதிர்த்தார். கனநீர் கருவிகள் கான்கிரீட் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்ததால் மேலேயிருந்து போடும் குண்டு அங்கே எட்டாது. ஊருக்குள் அம்மோனியா தொட்டிகள் வேறு இருந்தன. அவை உடைந்தால் ஊரே சாகும். ஆகவே ஆட்களை அனுப்ப முடிவானது.

1942 அக்டோபரில் நான்கு நார்வே இளைஞர்கள் ஹார்டாங்கர்விட்டா பீடபூமியில் பாராசூட்டில் இறங்கினார்கள். அந்தப் பகுதியை நன்றாகத் தெரிந்தவர்கள். நவம்பரில் அவர்களோடு சேர்வதற்காக பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர்களை இரண்டு கிளைடர்களில் அனுப்பினார்கள். மோசமான வானிலை. இரண்டு கிளைடர்களும் நொறுங்கின, ஒன்றை இழுத்துவந்த விமானமும் விழுந்தது. விபத்தில் உயிர் பிழைத்தவர்களை ஜெர்மானியர்கள் கைது செய்து கொன்றார்கள். மொத்தம் 41 பேர் இறந்தார்கள்.

பீடபூமியில் இருந்த நான்கு பேரும் அந்தக் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தார்கள். பாசியைத் தின்றார்கள், கலைமான் கிடைத்தபோது அதைத் தின்றார்கள். 1943 பிப்ரவரியில் இன்னும் ஆறு நார்வேக்காரர்கள் வந்து இறங்கினார்கள். தலைவர் யோவாக்கிம் ரன்னபெர்க்குக்கு வயசு 23. அந்த வயசில் நான் கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வானதைப் பெரிய சாதனைன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

ஆலைக்குப் போக ஒரு தொங்குபாலம் உண்டு. அதில் காவல் இருந்தது. காவலாளிகளைச் சுட்டுவிட்டுப் போகலாம் என்ற யோசனையும் வந்தது. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. பள்ளத்தாக்குக்குள் இறங்கி, உறைந்த ஆற்றைக் கடந்து, எதிர்ப்பக்கப் பாறையில் ஏறிப் போனார்கள். பிப்ரவரி 27 நள்ளிரவு தாண்டி ஆலைக்குள் நுழைந்தார்கள்.

உள்ளே ஒரு நார்வே ஊழியர் இருந்தார். வெடிமருந்தைப் பொருத்திக்கொண்டிருக்கும்போது, “என் கண்ணாடியைக் காணோம், இந்தப் போர்க்காலத்துல வேற வாங்க முடியாது” என்று சொன்னார். அந்த நெருக்கடியிலும் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். வெடிப்பதற்கு முன் அவரை அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள். துப்பாக்கி ஒன்றை வேண்டுமென்றே அங்கே விட்டுவிட்டு வந்தார்கள். செய்தது வெளியிலிருந்து வந்த படைவீரர்கள், ஊர்க்காரர்கள் இல்லை என்று ஜெர்மானியர்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக.

அது ஏன் அவ்வளவு முக்கியம்? அதற்கு முந்தின வருஷம் டெலவோக் என்ற கடலோர கிராமத்தில் இரண்டு கெஸ்டபோ அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். பதிலுக்கு ஜெர்மானியர்கள் அந்த கிராமத்தின் வீடுகளை அழித்து, ஆண்களை ஜெர்மனியில் இருந்த வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். 31 பேர் அங்கே இறந்தார்கள். பழிவாங்கல் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

சுமார் 500 கிலோ கனநீர் அந்த இரவில் வடிகாலில் ஓடியது. யாரும் சாகவில்லை. ஒரு துப்பாக்கிச் சூடுகூட இல்லை.

அமெரிக்கத் தத்துவவாதி மைக்கேல் வால்ஸர் 1977-இல் போரின் நியாயம் பற்றி எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தில் இந்தச் சம்பவத்தை எடுத்துப் பேசுகிறார். அவர் வாதத்தை என் பாஷையில சொல்றேன். “பொதுமக்களைக் கொல்றது என் நோக்கம் இல்ல, தவறிப்போய் நடந்துச்சு”ன்னு சொன்னா மட்டும் பத்தாது. அவங்களுக்கு வர்ற ஆபத்தைக் குறைக்க நீ என்ன செஞ்ச? அதுக்காக உன் உயிருக்கு எவ்வளவு ஆபத்தை ஏத்துக்கிட்ட? இதுதான் சோதனை.

வெமோர்க் ஆட்கள் அந்தச் சோதனையில பாஸ்.

இரண்டாவது வழி: மேலேயிருந்து

சில மாதங்களிலேயே ஜெர்மானியர்கள் ஆலையைப் பழுதுபார்த்து மறுபடி ஓட்ட ஆரம்பித்தார்கள். காவலும் பல மடங்கு கூடியது. இன்னொரு தடவை ஆட்களை அனுப்புவது கஷ்டம்.

1943 நவம்பர் 16-ஆம் தேதி, பட்டப்பகலில், 140-க்கும் மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் வெமோர்க் மேல் வந்தன. 700-க்கும் மேற்பட்ட குண்டுகள் போட்டன. தொழிலாளர்கள் சாப்பாட்டுக்குப் போகிற நேரமாகப் பார்த்துத்தான் திட்டமிட்டிருந்தார்கள், அதையும் சொல்லணும். ஆனாலும் ஊர்க்காரர்கள் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ட்ரான்ஸ்டட் பயந்த மாதிரியே, அடித்தளத்தில் இருந்த கனநீர் கருவிகள் பெருமளவு தப்பித்தன. லண்டனில் இருந்த நார்வே அரசுக்கு முன்கூட்டித் தகவல் சொல்லவில்லை. அது எதிர்ப்பு தெரிவித்தது.

இங்க ஒரு சிக்கல் இருக்கு, அதை மறைச்சுட்டுப் போகக்கூடாது. இந்தக் குண்டுவீச்சு ஒரு வகையில வேலை செஞ்சுது. மின் நிலையம் அடிபட்டது, இனியும் இதே மாதிரி குண்டு விழும்னு புரிஞ்சுது. ஜெர்மானியர்கள் வெமோர்க்ல கனநீர் தயாரிக்கறதையே கைவிட்டுட்டாங்க. அப்போ இது நியாயமா?

என் பதில்: இல்ல. அந்த ஊரையும் ஆலையையும் தெரிஞ்சவங்க இது சரியான வழி இல்லன்னு ஏற்கெனவே சொல்லியிருந்தாங்க. அவங்ககிட்ட கேட்கக்கூட இல்ல. பலன் கிடைச்சுதுங்கறது வேற, செத்தவங்களுக்குப் பதில் சொல்ல முடியுதாங்கறது வேற.

மூன்றாவது வழி: படகு

உற்பத்தியை நிறுத்திய ஜெர்மானியர்கள், மிச்சம் இருந்த கனநீரை ஜெர்மனிக்குக் கொண்டுபோக முடிவு செய்தார்கள். வெமோர்க்கிலிருந்து ரயில், அப்புறம் டின்ஷோ ஏரியில் படகு, மறுபடி ரயில். 1944 பிப்ரவரியில் இந்தத் தகவல் லண்டனுக்குப் போனது.

அப்போது அந்தப் பகுதியில் செயல்படக்கூடிய பயிற்சி பெற்ற ஆள் ஒருவர் இருந்தார், க்னூட் ஹௌக்கெலிட். முந்தின வருஷம் ஆலைக்குப் போன குழுவில் இருந்தவர். அமெரிக்காவில், புரூக்ளினில் பிறந்தவர். அவருடைய இரட்டைச் சகோதரி ஹாலிவுட்டில் நடிகை.

ஆலையில் தாக்க முடியாது, காவல் அதிகம். ரயிலைத் தாக்கலாம், ஆனால் அதிலும் காவல், பயணிகளும் சாகலாம், கனநீரும் முழுசாக அழியாமல் போகலாம். படகு என்றால் 400 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள ஏரியின் அடியில் போய்விடும், யாராலும் மீட்க முடியாது. ஆனால் அது ஊர் ஜனங்கள் போகிற படகு.

ஹௌக்கெலிட் வயர்லெஸ் மூலம் லண்டனிடம் ஒரு கேள்வி கேட்டார். இதைச் செய்தால் ஊர்மேல் பழிவாங்கல் வரும், அந்த விலைக்கு இது தகுமா? உள்ளூரில் சிலருக்கு அந்தச் சந்தேகம் இருக்கிறது என்று சொன்னார். நார்வே அரசின் ஒப்புதலோடு பதில் வந்தது: யோசித்துவிட்டோம், கனநீரை அழிப்பது மிக முக்கியம், பெரிய நாசம் இல்லாமல் முடியும் என்று நம்புகிறோம்.

என்னை ரொம்ப யோசிக்க வெச்ச இடம் இதுதான். யார் கேட்கறாங்க, யார் பதில் சொல்றாங்கன்னு பாருங்க. கேட்டவர் அந்தப் படகுத்துறையிலிருந்து நடக்கிற தூரத்துல இருக்கார். கனநீர் எவ்வளவு ஆபத்தானதுன்னு முடிவு பண்ண அவர்கிட்ட தகவல் இல்ல. பதில் சொன்னவங்ககிட்ட தகவல் இருக்கு, ஆனா அந்த ஜனங்க முகம் அவங்களுக்குத் தெரியாது.

ஆலையில் இருந்த பொறியாளர் அல்ஃப் லார்சனும் வேறு சிலரும் உதவினார்கள். சரக்கு ஞாயிற்றுக்கிழமை காலைப் படகில் போகும்படி பார்த்துக்கொண்டார்கள். வாரத்திலேயே பயணிகள் குறைவாக இருக்கும் படகு அது. அவர்களால் குறைக்க முடிந்த விலை அவ்வளவுதான்.

சனிக்கிழமை ராத்திரி ஹௌக்கெலிட்டும் இரண்டு தோழர்களும் படகுக்குள் போனார்கள். படகு ஊழியர்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். காவல்காரர் ஒருவர் இவர்களைப் பார்த்துவிட்டார். கெஸ்டபோவிடமிருந்து ஒளிந்துகொள்ள இடம் தேடுகிறோம் என்று சொன்னார்கள். அவரும் நல்ல மனுஷர், உடனே விட்டுவிட்டார். இவர்கள் அடித்தளத்தில் இறங்கி, 8 கிலோவுக்கு மேல் வெடிமருந்தை வைத்து, அலாரம் கடிகாரத்தில் இணைத்தார்கள்.

வெளியே வரும்போது அந்தக் காவல்காரர் அங்கேயே இருந்தார். அவரை எச்சரிக்கலாமா என்று ஹௌக்கெலிட்டுக்குத் தோன்றியது. எச்சரித்தால் திட்டம் வெளியே போகலாம். கை குலுக்கி நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இதை அவரே பிற்பாடு தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

மறுநாள் நடந்ததை ஆரம்பத்திலேயே சொன்னேன். இன்னொரு விஷயம் மட்டும் மிச்சம்: உயிர் பிழைத்த 29 பேரில் பலரைக் காப்பாற்றியது, சத்தம் கேட்டு சின்னப் படகுகளில் ஓடிவந்த ஏரிக்கரை ஜனங்கள்.

பின்னாடி தெரிய வந்தது

போர் முடிஞ்ச பிறகு என்ன தெரிய வந்துச்சு? ஜெர்மனி அணுகுண்டுக்குப் பக்கத்துலகூடப் போகல. 1942-லேயே, இந்தப் போருக்குள்ள குண்டு தயாராகாதுன்னு அவங்க பெரிய முதலீட்டை நிறுத்திட்டாங்க. 1945 தொடக்கத்துல ஹைகர்லோக் என்ற ஊர்ல ஒரு குகைக்குள்ள சோதனை உலை ஒண்ணு வெச்சாங்க. அதுகூடத் தொடர்வினை நிலையை எட்டல.

படகுல போன பீப்பாய்கள் பலதுல இருந்தது செறிவு குறைஞ்ச கனநீர். எல்லாத்தையும் சுத்திகரிச்சா அரை டன் அளவுக்குத் தேறும். ஓர் உலைக்குத் தேவை சுமார் 5 டன். அதாவது அந்தச் சரக்கு ஜெர்மனிக்குப் போயிருந்தாலும் அதை மட்டும் வெச்சு உலையே ஓட்டியிருக்க முடியாது, குண்டு அப்புறம்.

இதைப் படிச்சதும் எனக்கு வந்த முதல் எண்ணம்: அப்போ 14 பேர் சும்மா செத்தாங்களா?

அப்போ, சரியா தப்பா?

எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு. சர்வர் விழுந்து பெரிய பிரச்சினை ஆனா, அப்புறம் உட்கார்ந்து ஒரு ரிவ்யூ பண்ணுவோம். அதுல முதல் விதி: இப்போ தெரிஞ்சதை வெச்சு அப்போ முடிவு எடுத்தவரைக் குத்தம் சொல்லாதே. அந்த ராத்திரி அவருக்கு என்ன தெரிஞ்சிருந்துச்சுன்னு பாரு. எங்க விஷயத்துல நஷ்டம் பணம்தான், உயிர் இல்ல. ஆனாலும் அந்த விதி இங்கயும் பொருந்தும்னு நினைக்கிறேன்.

அந்த விதிப்படி ஹௌக்கெலிட்டை என்னால குத்தம் சொல்ல முடியல. ஹிட்லருக்கு அணுகுண்டு கிடைக்கலாம்னு அவர் நம்பினார், நம்பறதுக்குக் காரணம் இருந்துச்சு. வேற வழிகளைப் பார்த்தார். பயணிகள் குறைவான நாளைப் பிடிச்சாங்க. முக்கியமா, கண்ணை மூடிட்டு உத்தரவை நிறைவேத்தாம, “இது தகுமா?”ன்னு கேட்டார்.

லண்டனை இவ்வளவு சுலபமா விட மாட்டேன். ஜெர்மனி பெரிய அளவுல குண்டு வேலையில இல்லங்கற கணிப்பு 1944 தொடக்கத்துல பிரிட்டிஷ் உளவுத்துறைக்குள்ளேயே வலுவாகிட்டு இருந்துச்சு. நூறு சதவீத உறுதி இல்லதான். ஆனா அந்தச் சந்தேகத்துக்கான விலையைக் கொடுத்தது அதைப் பத்தி எதுவுமே தெரியாத ஞாயித்துக்கிழமைப் பயணிகள். இதுல நான் இன்னும் முழுசா ஒரு முடிவுக்கு வரல. நான் அங்க உட்கார்ந்திருந்தா என்ன பதில் அனுப்பியிருப்பேன்? பயத்துல அதே பதிலைத்தான் அனுப்பியிருப்பேன்னு நினைக்கிறேன். அதனாலயே அது சரியான பதில்னு ஆகிடாது.

நான் வந்து சேர்ந்த இடம் இது. ஒரு செயல் நியாயம்னு தீர்ப்பு வந்தாலும், அதுல செத்தவங்க கணக்கு முடிஞ்சு போறதில்ல. நாம வழக்கமா இந்த ரெண்டையும் சேர்த்துக் குழப்பிக்கிறோம். “வேற வழி இல்ல, அதனால வருத்தப்பட ஒண்ணுமில்ல”ன்னு ஒரு பக்கம். “அப்பாவிகள் செத்தாங்க, அதனால சண்டை போட்டதே தப்பு”ன்னு இன்னொரு பக்கம். ரெண்டுமே தப்பிச்சு ஓடற பேச்சு. வேற வழி இல்லாமலும் இருக்கலாம், அந்த 14 குடும்பத்துக்கு நாம கடன்பட்டும் இருக்கலாம். ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்க முடியும்.

1965-ல இந்தக் கதையை ஹாலிவுட் படமா எடுத்தாங்க, கிர்க் டக்ளஸ் ஹீரோ. படத்துல ஹீரோ படகுல ஏறி, குழந்தைகளை ஒரு பக்கமா கூட்டிட்டுப் போய்க் காப்பாத்துவார். நிஜத்துல அப்படி யாரும் ஏறல. ஹௌக்கெலிட் படகு கிளம்பறதுக்கு முன்னாடியே அங்கிருந்து போயிட்டார். படம் எடுத்தவங்களுக்கு ஏன் அந்தக் காட்சி தேவைப்பட்டுச்சுன்னு எனக்குப் புரியுது. நல்லவங்க கை சுத்தமா இருக்கணும்னு நமக்கு ஆசை. நல்ல பக்கத்துல நின்னு சண்டை போட்டா அப்படித்தான் முடியும்னு நம்ப ஆசை.

ஹௌக்கெலிட் தன் புத்தகத்துல அந்தக் காவல்காரர் கையைக் குலுக்கினதை விடாம எழுதினார். அவர் நினைச்சிருந்தா அதை விட்டிருக்கலாம். அந்த ராத்திரி அங்க இருந்தவங்களைத் தவிர யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

அடுத்த தடவை எந்தப் போர்ச் செய்தி பார்த்தாலும், எந்தப் பக்கம் நமக்குப் பிடிச்ச பக்கமா இருந்தாலும், இந்த மூணு கேள்வியைக் கேட்டுப் பாருங்க. வேற வழி தேடினாங்களா? ஆபத்தைத் தங்க மேல எடுத்துக்கிட்டாங்களா, இல்ல அடுத்தவங்க மேல தள்ளிவிட்டாங்களா? முடிஞ்ச பிறகு செத்தவங்களைப் பத்திப் பேசறாங்களா, மறைக்கிறாங்களா?

நீங்க லண்டன்ல இருந்திருந்தா என்ன பதில் அனுப்பியிருப்பீங்க? எழுதி அனுப்புங்க. எனக்கு எதிரான வாதமா இருந்தா இன்னும் சந்தோஷம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.